மார்வலி

எங்கள் வீட்டில் அத்தை இறந்ததைச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் உண்டு. மார்வலி. 'மார்வலில போயிட்டா' என்பார்கள். 1994ல் எனக்கு 12 வயது. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பாள் என்று நானாகவே ஒரு படம் போட்டு வைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் அந்தப் படம் மாறவில்லை.

இந்த ஜனவரியில் கொழுந்தன் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்தேன். தையல்காரியின் ஜாக்கெட் எப்போதும் கடைசியில்தான் தைபடும். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, மணி 11. போட்டுப் பார்த்து டாட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இழுத்து விடும்போது குண்டூசி குத்தியது. குத்திய இடத்தைத் தேய்த்தேன். அதற்குக் கொஞ்சம் மேலே, வலது மார்பில் அக்குள் பக்கமாக, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஒன்று விரலில் நகர்ந்தது. வலிக்கவில்லை.

கோவில்பட்டியில் 19 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது மார்புச் சுற்று அளவு எடுக்கிறேன். என் மார்பை நான் ஒருநாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து மறுவீடு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கப் போனேன். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். தாய், சகோதரி, தாய்வழிப் பாட்டி, இவர்களில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? இல்லை, இல்லை, இல்லை. மூன்று இடத்திலும் குறி போட்டுக் கொடுத்தேன். அப்பா வழியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் இல்லாததால் எனக்கும் தோன்றவில்லை. அந்தப் படிவத்தை அச்சடித்தவர் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் 1.6 செ.மீ. கட்டி, பைராட்ஸ் 4ஏ என்று போட்டிருந்தது. 4 என்றதும் நான்காம் கட்டம் என்று நினைத்து ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன். அது வேறு கணக்காம். படத்தைப் பார்த்து எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்று போடுகிற எண் அது. 4ஏ என்றால் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்குப் புற்றாக இருக்கலாம், ஊசி வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று பொருள். இதை யாராவது கவுன்டரிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் ஆட்டோக்காரர் தப்பித்திருப்பார், பாவம்.

மதுரையில் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 'சத்தம் கேக்கும், பயந்து அசையக் கூடாது' என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். டக். கடையில் பிரஸ் பட்டன் அடிக்கிற மெஷின் சத்தம் அப்படியே. ஐந்து தடவை. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு துணுக்கு வந்தது. குப்பிக்குள் அது மெதுவாக அமிழ்ந்ததைத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டிப்போட்ட வெள்ளை நூல் துண்டு மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு என்று இருந்தது.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் போனில் படிக்கக் கூடாததை எல்லாம் படித்தேன். ஏழாம் நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். புற்றோ இல்லையோ, இரண்டையும் எடுத்துவிட வேண்டியது. 42 வயது, இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாயிற்று, இனி எதற்கு? வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சரி' என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் இந்தப் பதில் யாருக்கு உதவும்? கடைக்கு வருகிறவர்கள் 'கழுத்து எப்படி வைக்க?' என்று கேட்டால் 'உங்க இஷ்டம்' என்று நான் சொல்வது, அன்றைக்கு வேலை அதிகமாக இருந்தால்தான்.

சர்ஜன் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. உள்ளே போய் உட்கார்ந்ததுமே, 'ரெண்டையும் எடுத்துருங்க டாக்டர்' என்றேன்.

'எதுக்கு எடுக்கிறதுன்னு முதல்ல எனக்குத் தெரியட்டும்மா' என்றார் அவர். கட்டி வெறும் பைப்ரோஅடினோமா, புற்று இல்லை என்று அப்புறம்தான் சொன்னார். புற்றாகவே இருந்திருந்தாலும், ஆரம்பத்தில் பிடித்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தவர்களும் முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவுதான் வாழ்ந்திருக்கிறார்கள் என்றார். 1970களில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தொடங்கி 20 வருஷம் பின்தொடர்ந்து பார்த்த முடிவுகள் 2002ல் வந்தனவாம். முழுசாக எடுத்தால்தான் முழுசாகப் போகும் என்று நம் ஊரில் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்திருந்தேன்.

எழுந்திருக்கப் போனேன். வழக்கமான கேள்வி மாதிரி, 'அப்பா கூடப் பிறந்த அக்கா, தங்கச்சிங்க?' என்றார்.

'ஒரு அத்தை. மார்வலில இறந்துட்டாங்க.'

'மார்வலின்னா? ஹார்ட்டா?'

பதில் சொல்லத் தெரியவில்லை. 'அத்தை மகளுக்கு மார்புல வந்து எடுத்தாங்க. அவங்களுக்கு அப்போ 38' என்று சேர்த்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். 'இதை ஏன்மா ஃபார்ம்ல எழுதல?'

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் குடும்பத்தில் பழசு தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான்.

'பெரியம்மா, அத்தைக்கு மார்வலின்னா நெஞ்சு வலியா?'

கொஞ்ச நேரம் டவுன் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. 'நெஞ்சு வலி இல்லட்டி. புண்ணு. வேப்பெண்ணெய் தடவித் துணி வச்சுக் கட்டிருந்தா. அவ மாப்பிள்ளைக்குக்கூட ரொம்ப நாள் காட்டல. வாடை வந்தப்புறந்தான் எங்களுக்கே தெரியும். பிள்ளைங்ககிட்டப் போய் அதை என்னன்னு சொல்றது?'

அத்தைக்கு அப்போது 44 வயது. அப்பாவைப் பெற்ற ஆச்சியையும் கேட்டேன். 'உங்க ஆச்சிக்கு வயிறு வீங்கி வீங்கி வரும். பெரியாஸ்பத்திரில நீர் எடுத்துட்டு வருவாங்க, பத்து நாள்ல மறுபடி வீங்கும்' என்றார். ஆச்சிக்கு 50ஐத் தாண்டவில்லை. இதையும் எங்கள் வீட்டில் 'வயித்துல நீர் கோத்துப் போயிட்டா' என்றுதான் சொல்வார்கள், ஏதோ மழைக்கால வியாதி மாதிரி.

மறுமுறை மதுரை போனபோது சர்ஜன் என்னை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்திருப்பாள் அந்தப் பெண். பெரிய தாள் ஒன்றை விரித்து வம்ச வரைபடம் போட்டாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. நோய் வந்தவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். என் வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. பேட்டர்ன் பேப்பர் போட்டுப் பழகிய கை எனக்கு, அவள் கோடு போடும் வேகத்தை ரசித்தேன். அத்தையின் வட்டத்தை நிரப்பினாள். அத்தை மகளான என் மதினியின் வட்டத்தை நிரப்பினாள். ஆச்சியின் வட்டத்தைப் பாதி மட்டும் நிரப்பிக் கேள்விக்குறி போட்டாள். வயிற்றில் நீர் கோத்தது சினைப்பைப் புற்றாக இருக்கலாம், உறுதி இல்லை என்றாள். பென்சிலை மூன்று வட்டத்துக்கும் நடுவே கொண்டுபோய் அப்பாவின் சதுரத்தில் நிறுத்தினாள். அப்பா 61 வயதில் போனது நிஜமாகவே மாரடைப்பில். அந்தச் சதுரம் வெள்ளையாக இருந்தது.

'அப்பாவுக்கு எதுவும் வராமலே அப்பா வழியா உங்களுக்கு வந்திருக்கலாம்க்கா. அப்பாகிட்ட இருந்திருந்தா, பாதிக்குப் பாதி.'

பிராக்கா 1, பிராக்கா 2 என்று இரண்டு மரபணுக்கள். உடம்பில் உள்ள செல்களில் டிஎன்ஏ அறுபட்டால் ஒட்டுப்போடுகிற வேலை இவற்றுக்கு. பிறக்கும்போதே ஒரு பிரதியில் பழுதோடு பிறந்தால், ஒட்டுப்போடுவது ஒருநாள் பிசகலாம். முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990ல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டியிருக்கிறார். மரபணுவையே பிரித்துக் கண்டுபிடித்தது 1994ல். வீட்டுக்கு வந்து இதைப் படித்தபோது ஆண்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அத்தை வேப்பெண்ணெய்த் துணியோடு படுத்திருந்த ஆண்டு.

எனக்கு ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று கையை மடித்துக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் எடுக்கவில்லை. 'முதல்ல உங்க மதினிக்குப் பார்க்கணும்க்கா' என்றாள். எனக்குப் பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால், நான் தப்பித்தேனா, இல்லை எங்கள் குடும்பத்துப் பழுதே இந்தப் பரிசோதனையில் அகப்படாத வேறொன்றா என்று சொல்ல முடியாது. சில பேருக்கு 'ஒரு மாற்றம் இருக்கிறது, கெடுதலா இல்லையா என்று இப்போதைக்குத் தெரியாது' என்றும் வரும். நோய் வந்தவரிடம் பழுதைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், காசும் குறைவு. இது எனக்கு உடனே புரிந்தது. கிழிந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தால்தானே தையல் எங்கே விட்டது என்று சொல்ல முடியும்? புதுத் துணியைத் தடவிப் பார்த்து என்ன சொல்வது?

புரிந்தது சரி. மதினியோடு நான் பேசி 11 வருஷம் ஆகியிருந்தது.

ஊரில் இருந்த வீட்டில் அத்தைக்குப் பங்கு உண்டா இல்லையா என்று 2013ல் தொடங்கிய சண்டை. யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். மதினி இருப்பது சாத்தூரில், இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். 2016ல் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். கீமோவில் முடி கொட்டிவிட்டது, துண்டு கட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறாள் என்று அங்கிருந்து சேவு வாங்கி வருகிறவர்கள் சொல்வார்கள். நான் போகவில்லை. அக்காள் மாதிரி என்னைத் தூக்கி வளர்த்தவள். நான் போகவில்லை.

நாலு நாள் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது போட்டுவிட்டேன்.

'யாரு?'

'மதினி, நாந்தான்.' மதுரையில் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன், திருத்தித் திருத்தி. அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

'அப்போ டெஸ்ட்டுக்காகத்தான் கூப்பிட்டிருக்க.'

'ஆமா மதினி.'

'நல்லவேளை, வேற எதாவது சொல்லி இழுக்காம இருந்தியே' என்றாள். அப்புறம், 'எனக்கு வந்தப்போ இந்த டெஸ்ட்டப் பத்தி ஒருத்தரும் சொல்லலயே புள்ள. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா' என்றாள்.

மே மாதம் இரண்டு பேருமாக மதுரை போனோம். பஸ்ஸில் பேசிக்கொண்டது குறைவு. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முறுக்கு உடைத்து உடைத்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். நாலு வாரம் கழித்து அவளுக்கு வந்த முடிவு, பிராக்கா 1ல் கெடுதலான மாற்றம். 2016லேயே அவளுடைய பழைய ரிப்போர்ட்டில் 'டிரிபிள் நெகட்டிவ்' என்று இருந்திருக்கிறது, மார்பகப் புற்றில் வழக்கமாகத் தேடுகிற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை. பிராக்கா 1 உள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் அந்த வகைதானாம். அதற்கப்புறம் எனக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தார்கள். செலவு மதினிக்கு ஆனதில் நாலில் ஒரு பங்கு. ஜூலையில் முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது.

அந்தப் பெண் எண்களை எழுதிக் காட்டினாள். பிராக்கா 1 பழுதோடு இருக்கிற நூறு பெண்களில் 80 வயதுக்குள் 72 பேருக்கு மார்பகப் புற்று, 44 பேருக்குச் சினைப்பைப் புற்று. பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களை வைத்து 2017ல் வெளிவந்த கணக்கு, அதனால் அப்படியே உங்களுக்குப் பொருத்தாதீர்கள் என்றாள். 42 வயது வரைக்கும் வராமல் கடந்துவிட்டதால் இனி எனக்கு மிச்சம் இருப்பதும் அதில் கொஞ்சம் குறையும்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு அர்த்தம் வந்தது. இரண்டையும் எடுப்பதா? பிப்ரவரியில் பயத்தில் கேட்டேன். இப்போது கேட்டால் யாரும் என்னைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். எடுத்தால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 90க்கு மேல் குறைகிறது. முழுசாக இல்லாமல் போவதில்லை. ஏனென்றால் மார்பு என்பது ஜாக்கெட் கப் முடிகிற இடத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லையாம். மேலே காறை எலும்பு வரைக்கும், பக்கத்தில் அக்குளுக்குள்ளும் அதன் திசு ஓடுகிறது. கடைசித் துணுக்கு வரை யாராலும் வழித்து எடுக்க முடியாது. 19 வருஷமாக நான் டேப் பிடிக்கிற எல்லை வெறும் துணியின் எல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எடுத்த இடத்தில் சிலிக்கான் வைக்கலாம், வயிற்றுச் சதையை எடுத்தும் வைக்கலாம். 'பார்க்க நல்லா இருக்கும். தொட்டா தெரியாது' என்றார் சர்ஜன். அவர் அப்படிப் பச்சையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

மகள் போனில் ஏஞ்சலினா ஜோலி கதையைக் காட்டினாள். அதே மரபணுதான். அம்மா 56 வயதில் போய்விட்டார். 87 சதவீதம் என்று டாக்டர்கள் சொல்லி, 2013ல் இரண்டு மார்பையும் எடுத்துவிட்டு, சினைப்பையை 2015ல் எடுத்திருக்கிறார். எல்லோருக்கும் நினைவிருப்பது முதலாவதுதான். எனக்கு டாக்டர்கள் சொன்ன வரிசை தலைகீழ். மார்புக்குக் காவல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம், ஆறு மாதம் விட்டு ஒன்று. வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வழி உண்டு. சினைப்பைக்கு அப்படி நம்பிக்கையான காவல் கிடையாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முற்றிய பிறகே காட்டிக்கொடுப்பது அதிகம். பிள்ளை பெற்று முடித்த பிராக்கா 1 பெண்கள் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் ஏற்கெனவே இரண்டு வருஷம் தாமதம். வயிறு வீங்கி வீங்கிப் போன ஆச்சியின் பாதி வட்டம் கண்ணில் நின்றது. அதற்குச் சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மாதவிடாய் திடீரென்று நிற்கும், உடம்பு அனலாகக் கொதிக்கும், எலும்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். தீபாவளித் தையல் முடிந்த மறுவாரம் தேதி. டாக்டர் சிரித்தார். தீபாவளிக்கு முன்னால் படுத்துக்கொண்டால் கோவில்பட்டியில் பாதித் தெரு என்னைச் சும்மா விடாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மார்புக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. செப்டம்பரில் எடுத்த எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை. சில நாள் காலையில் எழும்போதே எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. சில நாள் தோன்றவில்லை. எம்ஆர்ஐக்குக் குப்புறப் படுத்திருந்த அரை மணி நேரமும், இதை 70 வயது வரைக்கும் வருஷா வருஷம் செய்யத் தெம்பு இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நோய் இல்லாத உறுப்பை எடுக்கக் காப்பீட்டில் பணம் வராது என்று ஏஜென்ட் சொல்லியிருப்பதும் ஒரு பக்கம் இருக்கிறது. மகளுக்கு 19. 'எனக்கும் எடுக்கணுமாம்மா?' என்று கேட்டாள். அவளுக்கும் தம்பிக்கும் பாதிக்குப் பாதிதான். டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்பது அவளே முடிவு செய்ய வேண்டியது, 25 வயதுக்கு முன்னால் அவசரம் இல்லை என்று ஆலோசகர் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்பு எடுத்தவர்கள் ஐந்து பேருக்கு நான் ஜாக்கெட் தைக்கிறேன். கடை காலியாக இருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து வருவார்கள். ஒரு பக்கம் எடை இல்லாவிட்டால் ஜாக்கெட் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொண்டு கழுத்து கோணிவிடும். சிலிக்கான் வாங்க முடியாதவர்களுக்குப் பருத்தித் துணியில் பை தைத்துக் கடுகு நிரப்பி, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் கொடுப்பேன். எதற்கு என்று அண்ணாச்சி கேட்டதில்லை. லைனிங்குக்கு உள்ளே அந்தப் பை நழுவாமல் உட்கார ஒரு பாக்கெட் வைக்க வேண்டும்.

மதினிக்கு எட்டு வருஷமாக யாரோ சாதாரண ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்து, அவள் உள்ளே கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். போன வாரம் ஒரு பச்சைத் துணியோடு கடைக்கு வந்தாள். அளவு நோட்டில் அவள் பெயரில் கடைசியாக இருந்தது 2013 தை. அதை அடித்துவிட்டுப் புதிதாக எடுத்தேன். இடதும் வலதும் தனித்தனியாக.

நேற்று போட்டுப் பார்த்தாள். கழுத்து கோணவில்லை. முன்பக்கம் சரியாக உட்கார்ந்திருந்தது. கையை இரண்டு தடவை தூக்கி இறக்கிவிட்டு, 'இடது கை இறுக்குது புள்ள' என்றாள். அக்குளில் நெறி கட்டிகளை எடுத்தவர்களில் சிலருக்கு அந்தக் கை சாயங்காலம் ஆனால் வீங்கும். காலையில் அளவெடுத்தது என் தப்பு. கையை மட்டும் பிரித்து முக்கால் அங்குலம் விட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளித் துணிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.